பாட்டிலின் அடிப்பாதி

சேலையூர்
24.9.90

அன்புள்ள பச்சை,

நேற்று நீ டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டாய். ஆடை கட்டிய டம்ளரை என் மாமியார் தூக்கிக் காட்டி, "படிச்ச புள்ளைங்க சண்ட போட்டா பால்தான் வீணாப் போவுது" என்றார். அதைக் கேட்டதும் உன்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் அவர்மேல் போனது. மீதி இன்னும் உன்மேல்தான் இருக்கிறது.

நம் பேராசிரியர் தேவானந்தம் சார் அந்தப் பள்ளிக்கூட வேலையைப் பற்றி என்னிடம் சொன்னபோது உன்னிடமும் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத்தான் பொத்தேரியில் லெக்சரர் வேலை இருக்கிறதே. இந்தப் புதுப் பள்ளிக்கூடம் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அரை நாள் பாடம், அரை நாள் அங்கே இருக்கும் அரை ஏக்கரில் காட்டுப்பூ வளர்த்துப் பராமரிப்பது. ரெஜியையும் கூடவே வைத்துக்கொள்ளலாம், இரண்டு வயதுக் குழந்தையை அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். எம்.எஸ்ஸி. முடித்து ஐந்து வருஷம் ஆகிறது, பச்சை. இந்த ஐந்து வருஷத்தில் என்னை ஒருவரும் எதற்கும் கூப்பிடவில்லை. இது ஒன்றுதான் வந்தது. அதற்கும் நீ வந்து நிற்கிறாய்.

சரி. சார் சொன்னபடியே இருக்கட்டும். நாம் போன வருஷம்வரை இரண்டு வருஷம் மலையடியிலும் ஏரிக்கரையிலும் பொறுக்கி ஒரே பாட்டிலில் சேர்த்த விதையில் ஆளுக்குப் பாதி. ஆளுக்கு ஒரு துண்டு நிலம். தை மாதம் சாரும் பள்ளித் தாளாளரும் வந்து பார்த்து, யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை. நர்சரியில் எதுவும் வாங்கி நடக் கூடாது. அவர்கள் வந்து பார்க்கும்வரை ஒருவர் இடத்தை ஒருவர் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். நீ புறப்பட்டபோது ரெஜி உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாளே, அது உன் கண்ணாடி வளையலுக்காக. வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

தனம்

*

கீழ்க்கட்டளை
27.9.90

தனம்,

ஒரு பஸ் தூரத்துக்கு இன்லாண்ட் லெட்டர் எழுதுகிறாய். எங்கள் போஸ்ட்மேன் அனுப்புநர் முகவரியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சேலையூரு ஃபாரின்ல கீதுன்னு நெனப்பா" என்று கேட்டான். நானும் அவனிடமே பதில் எழுத ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பொத்தேரி வேலை, வேலை என்கிறாயே. ஒரு மேடம் பிரசவத்துக்கு லீவில் போயிருக்கிறார். ஏப்ரலில் அவர் திரும்பி வந்ததும் நான் எழுந்து நாற்காலியைக் கொடுக்க வேண்டும். அதற்காக எங்கள் வீட்டில் இப்போதே திரிசூலத்தில் மூன்று லாரி வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அவர் பி.யு.சி. ஃபெயில். கையில் வேலை இருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லலாம். இல்லாவிட்டால் என்ன சொல்லி மறுப்பது? உனக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால் மாதம் பிறந்தால் உன் வீட்டுக்காரர் அந்தோணிசாமி அண்ணன் சம்பளக் கவரைக் கொண்டுவந்து கொடுப்பார். எனக்குக் கிடைக்காவிட்டால் நான் லாரி எண்ண வேண்டியதுதான்.

அப்பாவிடம் ஒரு மனைதான் விற்காமல் மிச்சம். பஸ் ரோட்டை ஒட்டியது, அதைக் கேட்டேன். "இன்னா வெதைக்கப் போற, மல்லாட்டையா?" என்றார். பூ என்றேன். "சாமந்தியா?" துத்தி, கொழிஞ்சி என்றேன். "அத்தப் புடுங்கத்தாண்டி இம்மா நாளா ஆள் வெச்சிகினு இருந்தேன்" என்றார். ஆனாலும் கொடுத்துவிட்டார்.

உன் நிபந்தனைகள் எல்லாம் சம்மதம். நர்சரி காசித்தும்பையை நடுவில் சொருக மாட்டேன். நீயும் சொருகாதே.

ரெஜி என் வளையலைத் தொடவே இல்லை. என் தோளில் முகத்தை வைத்திருந்தாள். அவ்வளவுதான் எழுதுவேன்.

பச்சை

*

சேலையூர்
10.10.90

பச்சை,

விதைத்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் நாங்கள் துணி உலர்த்தும் காலி இடம் உனக்குத் தெரியும். அருகம்புல்லையும் கோரையையும் கிழங்கோடு தோண்டி எடுத்தேன். எரு போடவில்லை. மாமியார் மட்டும் ஒரு கூடைச் சாணியோடு வந்து நின்றார். எரு போட்டால் புல்தான் கொழுக்கும், பூச்செடி அதற்கடியில் செத்துவிடும் என்று விளக்கினேன். "எரு போட்டா கெட்டுப் போற செடிய இப்பத்தான் கேள்விப்படறேன்" என்று சாணியைத் தன் முருங்கைக்குக் கொண்டுபோனார்.

ஒரு படி விதைக்குப் பத்துப் படி மணல் கலந்தேன். எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று வெள்ளை மணலே காட்டிக்கொடுத்தது. மண்ணை மேலே இழுத்து மூடாமல் காலால் மிதித்து விட்டேன். ரெஜியும் மிதித்தாள். பக்கத்துவீட்டுக் கிளியம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கொயந்த ஆடற எடத்துல களைய வெதச்சிகினு கீறே. பாம்பு வந்தா யார் பொறுப்பு?" என்றாள். அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. ரெஜியை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை.

குன்றிமணிக்குத்தான் ரொம்பப் பயந்தேன். இவள் எதைக் கண்டாலும் வாயில் போடுகிறாள், அது விஷம். விதைக்குமுன் பாயில் கொட்டி ஒன்றுவிடாமல் தேடினேன். என் பாதியில் ஒரு குன்றிமணிகூட இல்லை. நாம் வண்டலூர் பக்கம் கை நிறையப் பொறுக்கினோமே. அப்போது அப்பாடா என்றிருந்தது. இப்போது எழுதும்போது வேறு மாதிரி தோன்றுகிறது. இருக்கட்டும்.

உங்கள் பக்கம் மழை உண்டா? இங்கே மேகம் வருகிறது, பல்லாவரம் பக்கம் போய்விடுகிறது. உனக்குப் பெய்கிறதோ என்று நினைத்துப் பார்ப்பேன். அதையும் நீயே எடுத்துக்கொள்கிறாயோ என்று.

தனம்

*

கீழ்க்கட்டளை
30.10.90

தனம்,

மேகத்தை நான் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. ஆனால் பெய்தது. நன்றாகப் பெய்தது.

முளைத்துவிட்டது. என் பாதியில் கடினத் தோல் விதைகள் நிறைய இருந்ததால் கொதிக்கும் தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் போட்டு, விடியும்வரை ஊறவைத்துப் பிறகுதான் விதைத்தேன். கிலுகிலுப்பை, கொழிஞ்சி, சங்குப்பூ, எல்லாம் ஒரே வாரத்தில் தடித்த இரண்டு இலையோடு வந்து நிற்கின்றன. குன்றிமணி இருந்தது, எடுத்துவிட்டேன். எங்கள் தெருவிலும் பிள்ளைகள் உண்டு.

காலையில் பொத்தேரி பஸ்ஸுக்குப் போகும்முன் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகிறேன். அப்பாவும் யாருக்கும் தெரியாமல் பார்க்கிறார். நேற்று மாட்டை விரட்டிவிட்டு, தான் விரட்டவில்லை என்றார்.

உன்னுடையது எப்படி இருக்கிறது? இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ பேசாமல் இருந்தால் உனக்கு நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். கல்லூரியில் ரிசல்ட் வந்தபோதும் நீ அப்படித்தான் இருந்தாய்.

பச்சை

*

சேலையூர்
21.11.90

பச்சை,

ரெஜிக்குத் தட்டம்மை. ஒரு மாதமாக நான் வாசலுக்கே வரவில்லை. காய்ச்சல் இறங்கினால் இருமல், இருமல் நின்றால் சாப்பாடு இறங்கவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துப் பார்த்து, அந்த விரலே எனக்கு வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. இப்போது தேறிவிட்டாள். அதனால்தான் எழுதவில்லை. நன்றாக வந்திருப்பதால் அல்ல.

என் இடத்தைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். பாசி படிந்தது மாதிரி ஏதோ பச்சையாக இருக்கிறது. குனிந்து கண்ணை இடுக்கினால்தான் இலை என்று தெரியும். நான் ரெஜியோடு உள்ளே இருந்த நாட்களில் மாமியார் ஒரு மூலையைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டார். எனக்கு உதவியாம். நான் அழுதேன். அவர் பயந்துபோய், "அய்ய, அது வேண்டிய களைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்" என்றார்.

உன்னுடையது தடித்த இலையோடு நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் நான் பலமுறை படித்தேன்.

தனம்

*

சேலையூர்
12.12.90

பச்சையம்மாளுக்கு,

நேற்று இவர் தன் மாமா வீட்டுக்கு உங்கள் வழியாகப் பஸ்ஸில் போனார். நான் பார்க்கச் சொல்லவில்லை. தானாகப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்கிறார்: "ரோட்டோரமே மஞ்சளா ஜொலிக்குது தனம். நடுவுல நீலம் கொடியாப் படர்ந்து கிடக்கு. கண்டக்டரே எட்டிப் பார்க்கறான். உன் ஃப்ரெண்டு கைராசிக்காரிதான்."

கைராசி. ஐந்து வருஷக் கல்யாணத்தில் என்னைப் பற்றி அவர் இந்த வார்த்தை சொன்னதில்லை.

பிறகு பின்பக்கம் போய் என் இடத்தில் நின்றேன். என் கணுக்கால்கூட மறையவில்லை. ஒரு பூ இல்லை. அப்போது எனக்குப் புரிந்தது. கிலுகிலுப்பை உன்னிடம். சங்குப்பூ உன்னிடம். துத்தி, கொழிஞ்சி உன்னிடம். குன்றிமணிகூட மொத்தமும் உன்னிடம். இரண்டு வருஷம் சேர்ந்து பொறுக்கியதில் கண்ணுக்குத் தெரிகிற விதை ஒன்றுகூட என் பக்கம் வரவில்லை என்றால், அது தற்செயலா? பாட்டில் ஒரு வருஷமாக உன் வீட்டில்தான் இருந்தது. பங்கு போட எடுத்து வருவதற்கு முன் என்ன செய்தாய்?

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எழுத ஆசை. பொய். கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் நீ கேட்டிருக்கலாம்.

தனம்

*

கீழ்க்கட்டளை
15.12.90

தனத்துக்கு,

பங்கு போட்ட அன்று நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். பாட்டிலைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நீ அதை என் கையிலிருந்து வாங்கினாய். நான்தான் பிரிப்பேன் என்றாய். மேலே இருந்ததை என் டின்னில் கொட்டினாய், பாதியில் நிறுத்தினாய், மிச்சத்தைப் பாட்டிலோடு உன் பக்கம் நகர்த்திக்கொண்டாய். நான் டின்னை நீட்டியது தவிர எதுவும் செய்யவில்லை. மூடியைக்கூட நீதான் திறந்தாய்.

ஒரு வருஷமாக நான் அந்தப் பாட்டிலைத் திறக்கவில்லை. எறும்பு வரக் கூடாது என்று தண்ணீர்த் தட்டில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். திருடி என்று நீ எழுதவில்லை. எழுதாமல் விட்ட இடம் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

உன் வீட்டுக்காரர் என் பூவைப் புகழ்ந்தார் என்று உனக்கு எரிகிறது. எனக்கு எது எரிகிறது என்று நீ கேட்டதே இல்லை. ரெஜிக்கு அம்மை என்று ஒரு முழுக் கடிதம் எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்க எனக்கு ஒருவர்கூட இல்லையே என்று நினைத்தேன். ஒரு குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது நினைக்கிற நினைப்பா அது? நினைத்தேன். அதனால்தான் விசாரித்துக்கூட எழுதவில்லை.

பச்சை

*

சேலையூர்
3.1.91

பச்சை,

கிறிஸ்மஸ் கேக்கை உனக்கு அனுப்பலாமா என்று இவர் கேட்டார். பிறகு பார்க்கலாம் என்றேன். அது இப்போது காய்ந்துவிட்டது. அதனால் இந்தக் கடிதம்.

முந்தாநாள் சமையலறையில் ரெஜி ஒரு டப்பாவை வைத்துக் கிலுகிலுவென்று ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கடுகும் கொண்டைக்கடலையும், இரண்டையும் அவளே கொட்டிக் கலந்திருக்கிறாள். கடுகை மூக்கில் போட்டுக்கொள்வாளோ என்ற பதற்றத்தில் பிடுங்கித் திறந்தேன். மேலே கடலை மட்டும்தான். கடுகைக் காணோம். எல்லாவற்றையும் மூக்கில் போட்டுவிட்டாளா என்று ஒரு நிமிஷம் எனக்கு உயிரே இல்லை. விரலை விட்டுப் பார்த்தேன். கடுகு மொத்தமும் அடியில் இருந்தது.

கைவிட்டுக் கலக்கினேன். மறுபடி குலுக்கினேன். மறுபடியும் கடலை மேலே, கடுகு கீழே. குலுக்கக் குலுக்கச் சின்னது இடுக்கு வழியாகக் கீழே இறங்குகிறது, பெரியது மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அம்மாவும் மகளும் தரையில் உட்கார்ந்து டப்பா ஆட்டுவதை மாமியார் பார்த்துவிட்டு, மீதி டப்பாக்களை மேல் அலமாரியில் தூக்கி வைத்தார்.

நாம் விதை பொறுக்கப் போன மாம்பாக்கம் பஸ்ஸில் எத்தனை தடவை அந்தப் பாட்டில் குலுங்கியிருக்கும். கடைசியாக உன் மடியில் குலுங்கியது. நீ எதையும் பொறுக்கவில்லை. நான்தான் கலக்காமல் கொட்டினேன். அடிப்பாதியை ஏன் வைத்துக்கொண்டேன் என்றால், பாயசத்தில் நல்லதெல்லாம் அடியில்தான் தங்கும் என்ற எண்ணத்தில். எம்.எஸ்ஸி. பாட்டனி. சிரித்துக்கொள்.

திருடி என்று நான் எழுதாமல் விட்ட இடத்தை அடித்துவிடு.

இன்னொன்று. என் பாசி பூத்துவிட்டது. விஷ்ணுகிராந்தி. தரையோடு தரையாக நீலம், இடையில் ஓரிதழ் தாமரையின் இளஞ்சிவப்பு, ஓரத்தில் தும்பையின் வெள்ளை. "விஷ்ணு பேர்ல பூ, அந்தோணிசாமி வூட்ல" என்று மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிளியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். பாம்பு எங்கே என்று அவரே கேட்டார்.

மஞ்சள் இல்லைதான். ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது, பச்சை. உன்னிடம் காட்ட முடியாதது ஒரு மாதிரி இருக்கிறது.

தனம்

*

கீழ்க்கட்டளை
8.1.91

தனம்,

அடித்துவிட்டேன். பேனா அழுந்திக் காகிதம் கிழிந்தது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு என் மனையில் குனிந்து பார்த்தேன். இவ்வளவு நாள் நின்றபடியேதான் பார்த்திருக்கிறேன். செடிக்குக் கீழே வெறும் மண். ஒரு இலை இல்லை. மாசியில் காய்ந்ததும் குச்சிகள்தான் நிற்கும். நீ ஓரிதழ் தாமரை என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதை அந்தக் குன்றில் முழங்காலிட்டுப் பொறுக்கியது நான். நீ கர்ப்பமாக இருந்தாய், குனிய முடியவில்லை, குடை பிடித்தாய்.

சார் பொத்தேரிக்கு வந்திருந்தார். ஜனவரி இருபது, ஞாயிறு. தாளாளர் ஞானையாவை அழைத்துக்கொண்டு காலையில் என் இடத்துக்கு வருகிறார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு மேல் உன் இடம். கார் பல்லாவரத்திலிருந்து வருகிறதாம், வழி அப்படித்தான் அமைகிறது. நானும் சரி என்றேன்.

பச்சை

*

சேலையூர்
11.1.91

பச்சை,

மூன்று மணி.

விஷ்ணுகிராந்தி வெயில் ஏறியதும் சுருங்கிவிடும் என்று உனக்குத் தெரியாதா? இரண்டாம் வருஷம் செமினாரில் அதைப் பற்றிப் பேசியது நீ. காலையில் விரிகிறது, நடுப்பகலுக்குள் வாடுகிறது என்று போர்டில் படம் போட்டது நீ. நான் கடைசி பெஞ்சில் குறிப்பெடுத்தேன். மூன்று மணிக்கு அவர்கள் வந்து நின்றால் இங்கே என்ன இருக்கும்? துணி உலர்த்தும் இடத்தில் கொஞ்சம் பச்சை. ஞானையா மரியாதைக்கு டீ குடித்துவிட்டுப் போவார்.

உன் கிலுகிலுப்பை காலையிலும் இருக்கும், மதியமும் இருக்கும், சாயங்காலமும் இருக்கும். உனக்கு எந்த நேரமானாலும் ஒன்றுதான். சரி என்றேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சரியைச் சொல்லும்போது உனக்கு இது ஞாபகம் வந்ததா, வரவில்லையா? அதை மட்டும் சொல்.

சாரிடம் நானே போய்க் கேட்கலாம். அவர் வீட்டுக்கு ரெஜியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய், நேரத்தை மாற்றுங்கள் என்று கெஞ்சினால், தோற்கப் போகிறவள் சாக்கு சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். போக மாட்டேன்.

பொங்கல் வாழ்த்துகள். அப்பாவுக்கும் சொல்.

தனம்

*

கீழ்க்கட்டளை
16.1.91

தனம்: ஞாயிறு காலை எட்டரைக்கு முதலில் உன் வீடு. பிறகுதான் என்னுடையது. சாரிடம் பேசியாகிவிட்டது, கார் சுற்றிக்கொண்டு வரும். நீங்கள் எல்லோரும் முதல் பூசைக்கே போய்த் திரும்பிவிடுங்கள். வேண்டுமென்றுதான் கார்டில் எழுதுகிறேன், போஸ்ட்மேனும் உன் மாமியாரும் படிக்கட்டும். ஞாபகம் வந்ததா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கார்டில் இடம் இல்லை. பச்சை.

*

சேலையூர்
21.1.91

அன்புள்ள பச்சை,

வந்தார்கள். எட்டரைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். கார்டை மாமியார் ஏற்கனவே எல்லோருக்கும் படித்துக் காட்டியிருந்ததால் கிளியம்மாள்கூட வாசல் தெளித்து வைத்திருந்தாள்.

அவ்வளவும் விரிந்திருந்தது. நான் ரெஜியை உள்ளே பிடித்து வைத்திருந்தேன். பூசைக்குப் போட்ட வெள்ளை கவுன், மண் ஆகிவிடும் என்று. அவள் கையை உதறிக்கொண்டு ஓடி, நீலத்தின் நடுவில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பதறித் தூக்கப் போனேன். ஞானையா, "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்று ஷூவைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். "உட்கார்ந்தா செடி சாகாதா?" என்று கேட்டார். சாகாது, மிதிபட்டுப் பழகியதுதான் என்றேன்.

சார் அதிகம் பேசவில்லை. "அடர்த்தி இருக்கு, உயரம் இல்லை" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உன் இடத்தில் என்ன சொன்னார்? மஞ்சளைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மாறியிருக்கும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு நன்றி எழுத உட்கார்ந்தேன். இதுதான் வருகிறது.

தனம்

*

கீழ்க்கட்டளை
14.2.91

தனம்,

உனக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று சார் சொன்னார். ஜூனிலிருந்தாமே. வாழ்த்துகள். இந்த வார்த்தையை எழுதுவதற்காகவே ஒரு இன்லாண்டைத் தப்பாக எழுதிக் கிழித்தேன். இது இரண்டாவது.

என் இடத்தில் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், உனக்கும் கொஞ்சம் எரியட்டும். முழுசாக ஒரு சுற்று நடந்தார். இரண்டு வகை வண்டுகளைப் பெயர் சொல்லிக் காட்டினார். புறப்படும்போது என் பக்கமாகக் குனிந்து, "எனக்கு இதுதாம்மா பிடிச்சிருக்கு. ஆனா ஞானையா அங்கேயே முடிவு பண்ணிட்டார். குழந்தை உட்கார்ந்ததைப் பார்த்துட்டார். பள்ளிக்கூடக்காரர் வேற எதைப் பார்ப்பார்?" என்றார்.

பூவுக்குத் தோற்றிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது, தனம். ரெஜியிடம் தோற்றேன். அதுவும் நானே நேரத்தை மாற்றிக் கொடுத்து.

பொறாமையாக இருக்கிறது. மறைத்து எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் நேராகவே எழுதிவிட்டேன். உனக்கு அவளும் இருக்கிறாள், இப்போது வேலையும். அந்தக் கார்டை நான் போடாமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் காலையில் பஸ்ஸில் தோன்றும். பக்கத்துத் தண்டவாளத்தில் செங்கல்பட்டு ரயில் கடந்து போவதற்குள் அது போய்விடும். சில நாள் போவதில்லை.

பொத்தேரி மேடம் லீவை இந்த வருஷம் முழுக்க நீட்டிக் கேட்டிருக்கிறாராம். கிடைத்தால் எனக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். லாரிக்காரர் பெண் பார்க்க வருகிறேன் என்றார். விதை முற்றும்வரை யாரும் வரக் கூடாது என்றேன். "எப்போ முத்தும்?" என்றார் அப்பா. எல்லாம் ஒரே நாளில் முற்றாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சமயம் என்றேன். "அத்தத்தான் நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிலுகிலுப்பை காய்ந்து சலசலக்க ஆரம்பித்துவிட்டது. விதையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பச்சை

*

சேலையூர்
18.2.91

அன்புள்ள பச்சை,

"எனக்கு இதுதாம்மா பிடிச்சிருக்கு." எரிந்தது. நன்றாகவே எரிந்தது. ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சார் என் இடத்தில் ஒரு வண்டைக்கூடக் காட்டவில்லை.

நேற்று அந்த அரை ஏக்கரைப் போய்ப் பார்த்தேன். வெறும் கட்டாந்தரை. என்னிடம் இருப்பது கடுகைவிடப் பொடியான விதை. அதை மட்டும் தூவினால் பள்ளிக்கூடம் முழுக்கக் கணுக்கால் உயரத்தில் நிற்கும், மத்தியானத்துக்குமேல் ஒன்றும் இருக்காது. பிள்ளைகளுக்கு மதியமும்தான் பள்ளிக்கூடம். இதை ஞானையாவிடம் சொன்னேன். உயரமாக வளரும் செடிகளின் விதை வைத்திருப்பவர் ஒருவர்தான், அவர் வந்து விதைத்தால்தான் உண்டு, சும்மா வர மாட்டார் என்றேன். பள்ளிச் செலவில் எழுதிக்கொள்கிறோம், வரச் சொல்லுங்கள் என்றார். வேலையில் பாதியை உனக்கு வாங்கிக் கொடுக்க என்னால் முடியவில்லை. முடிந்தாலும் கொடுத்திருப்பேனா என்று கேட்காதே.

ஓரிதழ் தாமரை விதையை உனக்குத் தனியாக எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். நீ முழங்காலிட்டதற்கு. குடை பிடித்தவளுக்கு என் பங்கு போதும்.

விதையெல்லாம் முற்றியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. டின்னைக் கொண்டு வா. பாட்டில் வேண்டாம். முற்றத்தில் பாய் விரித்து உன்னுடையதையும் என்னுடையதையும் ஈர மணலில் கொட்டிக் கலப்போம், மணல் ஈரமாக இருந்தால் சின்னது கீழே இறங்காது. புரட்டாசியில் தூவும்போது நீ கொட்டு. நான் நீட்டுகிறேன்.

ரெஜி உன்னைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து இறங்கி ஓடி வருவாள். எனக்குத் தெரியும். அப்போது என் முகம் மாறும். மாறினால் நீ கண்டுகொள்ளாதே. அவளைத் தூக்கிக்கொள். டீ ஆறுவதற்குள் குடித்துவிடு.

தனம்